நாற்பத்தேழாம் நம்பர் உறுப்பினர்

சங்கத்தில் சேர்ந்தவர் ஒருவர்கூட விட்டுப் போனதில்லை என்று தலைவர் மாணிக்கவேல் மார்தட்டிச் சொன்னபோது, மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பைப் படியெடுத்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாளின் பேனா நின்றது. விட்டுப் போனவர்களில் ஒருவர் அவள் புருஷன். அது தலைவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், ஆரணி பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே இடம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு. அதில் நாற்பத்தேழாம் நம்பருக்கு நேராக 'தங்கவேலு' என்று எழுதியிருந்தது எழுதியபடியே இருந்தது.

2004ஆம் வருஷம், சித்திரை வெயில். தலைவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் சௌம்யா. வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம், சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பட்டு நெசவாளர் சங்கங்களுக்கு அந்த நிறுவனம் பாவுக் கூடம் கட்டித் தருவதாக இருந்தது. பாவு என்கிற, புடவையின் நீளவாட்டு இழைகளை மொத்தமாக நீட்டிப் பிடித்து, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்துச் சுற்ற ஒரு தெரு நீளம் இடம் வேண்டும். ஆரணியில் அதற்குத் தெருதான் உண்டு. விடிகாலையில் பாவு நீட்டுவார்கள். பால்காரன் சைக்கிளோடு குனிந்து போவான். மழை வந்தால் எல்லோரும் ஓடுவார்கள். போன ஐப்பசியில் மட்டும் ரேணுகாம்பாளுக்கு இரண்டு பாவு நனைந்து வீணாயிற்று. கூரை போட்ட நீளக் கூடம் ஒன்று வந்தால் போதும் என்று அவளும் மற்றவர்களைப் போலவே ஏங்கிக்கொண்டிருந்தாள்.

சௌம்யா விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சார், உறுப்பினர் தொடர்ச்சின்ற இடத்துல நூத்தியேழு சதவீதம்னு போட்டிருக்கீங்களே."

"ஆமாம்மா. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நூத்திப் பத்து பேரு. இப்ப நூத்திப் பதினெட்டு. நானே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன்."

"புதுசா வந்தவங்களைச் சேர்க்கக் கூடாது சார். அந்தப் பழைய நூத்திப் பத்து பேர்ல எத்தனை பேர் இன்னும் இருக்காங்கன்றதுதான் கேள்வி."

"அதான் மொத்தமே ஜாஸ்தியாயிருக்குதே!"

"அரிசி மூட்டையில ஓட்டை இருக்கான்னு பாக்கணும்னு வெச்சுக்கங்க. மேல கொட்டிகினே இருந்தா மூட்டை ரொம்பிதான் இருக்கும். கீழ எவ்வளவு கொட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

அரிசி ஆலைகள் சூழ்ந்த ஊரில் அந்தக் கணக்கு புரியாமல் போகாது. மாணிக்கவேலுக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான். சங்கத்துக்காக வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்து செருப்புத் தேய்த்தவர். ஆனால் அவருடைய சங்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. உயிரோடு இருக்கிறவர் பேரைப் பதிவேட்டில் அடிப்பதில்லை. அடித்தால் அந்த ஆளுக்கு ஆகாது என்று ஆரம்பித்து வைத்தவர்கள் யாரோ. செத்தவர் பேருக்குக் கீழே மட்டும் மகன் பேரோ மனைவி பேரோ ஏறும். மற்றபடி சேர்ந்தவர்கள் சேர்ந்தவர்கள்தான். இப்படிப் பதிவேடு வைத்துக்கொண்டால் எந்தச் சங்கத்திலிருந்து யார்தான் போக முடியும்?

சௌம்யா சட்டத்தைச் சொல்லிவிட்டாள். 1999 மார்ச் கடைசியில் இருந்த உறுப்பினர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இன்றும் இருக்க வேண்டும். பதிவேடு செல்லாது. வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் வந்து படம் எடுத்து அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். இனிமேல் சங்கத்தில் மாதாமாதம் தரும் ஒதுக்கீட்டுப் பட்டு நூலும் அட்டை வைத்திருப்பவருக்குத்தான்.

"வீடு வீடா நம்ப ரேணு போவும். பத்தாவது பாஸ், கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றார் மாணிக்கவேல்.

ரேணுகாம்பாள் படிவக் கட்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள். தொடர்கிறார். இறந்துவிட்டார், வாரிசு தொடர்கிறார். விலகினார். மூன்றையும் படித்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், ஆளு இல்ல, ஆனா தறி ஓடுது. அது எந்தக் கட்டம்?"

"ஆள் இறந்துட்டாரா?"

"இல்ல. வேற ஊர்ல இருக்காரு. வீட்டுக்காரம்மா நெய்றாங்க."

"அப்ப விலகினார்தான்."

"செத்துருந்தா?"

"செத்திருந்தா வாரிசு தொடர்கிறார்." சொன்ன பிறகுதான் சௌம்யாவுக்கு அது எப்படிக் காதில் விழுகிறது என்று உறைத்தது போலிருக்கிறது. "ஃபாரம் அப்படி இருக்குதுங்க. நான் போட்டதில்ல" என்றாள்.

ரேணுகாம்பாள் தலையாட்டிவிட்டு வந்தாள். புருஷன் செத்திருக்கலாமே என்று அவள் ஒருநாளும் நினைத்தவளில்லை. அன்றைக்குப் படிவத்தை மடித்துக்கொண்டு நடந்தபோது நினைத்தாள். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தாள்.

அடுத்த இரண்டு வாரம் அவள் ஏறி இறங்காத வீடில்லை. யார் விட்டுப் போனார்கள் என்று கேட்டால் யாருமே விட்டுப் போகவில்லை. ஒரு வீட்டில் தறிக்குழியை மூடி மொசைக் போட்டு, அதன்மேல் டிவி ஸ்டாண்டு நிறுத்தியிருந்தது. வீட்டுக்காரர் லுங்கியை இறுக்கிக்கொண்டு, "எழுதிக்கோமா, நான் மெம்பர்தான். சந்தா கட்டிகினுதான கீறேன்" என்றார். இன்னொரு வீட்டில் மகன் பெங்களூரில் செக்யூரிட்டி. அம்மாக்காரி, "லீவுல போயிருக்கான்" என்றாள். எத்தனை நாள் லீவு என்று கேட்டால், மூன்று வருஷம். ஒருவர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார், ஒருவர் பவர்லூமுக்குக் கூலிக்குப் போகிறார், ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எல்லாமே இந்த ஐந்து வருஷத்துக்குள் நடந்தவை. 'விலகினார்' கட்டத்தில் அவள் பேனா வைத்ததும் ஒவ்வொருவர் முகமும் சுருங்கியது. "நல்லா யோசிச்சு எழுது. அப்பால நாங்க திரும்பி வந்தா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். தறியை விறகுக்குப் போட்டவர் அவர்.

காசியம்மாள் வீட்டில் மட்டும் வேலை சுலபமாக முடிந்தது. காசியம்மாளின் புருஷன் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அவர் பேருக்குக் கீழே இவள் பேர் ஏறிவிட்டது. தறியின் மிதியிலிருந்து கால் எடுக்காமலே அவள் கேட்டாள். "எனுக்குத் தொடர்கிறார்னு வருதா?"

"வருதுக்கா."

"உனுக்கு?"

ரேணுகாம்பாள் அடுத்த படிவத்தைப் புரட்டினாள். காசியம்மாள் தறியில் நாடாவைக் குறுக்கே ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் கூட்டிப் பார்த்தபோது தறியில் உட்காருகிற ஆண்கள் எழுபத்தைந்து. வாரிசாகத் தொடர்கிறவர்கள் பன்னிரண்டு. போனவர்கள் இருபத்திரண்டு. எந்தக் கட்டத்திலும் போடாமல் வைத்திருந்தது ஒன்று, நாற்பத்தேழாம் நம்பர். நூற்றுப் பத்துக்கு எண்பது சதவீதம் என்றால் எண்பத்தெட்டு பேர். கையில் இருந்தது எண்பத்தேழு. கணக்குக்குக் குசும்பு அதிகம்; வேறு எந்த வீட்டு வாசலிலாவது போய் நின்றிருக்கலாம்.

மாணிக்கவேல் தாளைப் பார்த்துவிட்டு நெடுநேரம் மீசையைத் தடவினார். பிறகு, "உங்க ஊட்டுக்காரரு சேத்துப்பட்டுலதான இருக்காரு?" என்றார்.

"ஆமா."

"ஒரு நாளைக்கு வரச் சொல்லு. வந்து நிக்கட்டும், படம் எடுக்கட்டும், போவட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"நான் எப்படிப் போயி கூப்புடறது தலைவரே?"

"உனக்காகவா கூப்புடற? சங்கத்துக்கோசரம்மா. அட்டை உங்கிட்டதான் இருக்கப்போவுது. நூலு நீதான் வாங்கப்போற. அவரு பேருல சும்மா ஒரு படம், அவ்வளவுதான்."

இத்தனை வருஷமும் அப்படித்தானே நடந்தது? தங்கவேலு 1995 ஆடியில், புடவை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சேத்துப்பட்டுக்குப் போனார். இரண்டு நாளில் வருவார் என்று இவள் பார்த்தாள், ஒரு வாரம் பார்த்தாள். அங்கே வேறொரு குடும்பம் என்று தெரிந்தபோது மகள் சுகன்யாவுக்கு ஆறு வயசு. அடுத்த மாதம் நூல் வாங்கப் போனவள் பதிவேட்டில் அவர் கையெழுத்தையே போட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் நடக்கிற விஷயம் என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு பொதுக்கூட்டத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை. குறிப்பில் ஒவ்வொரு முறையும் 'தங்கவேலு, வருகை' என்றுதான் இருக்கும். அந்தக் குறிப்பைப் படியெடுக்கிறவளும் அவள்தான்.

சேத்துப்பட்டுக்கு அவள் போனாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கவேலு பெட்டிக்கடை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. இவளைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தவர், உடனே ஸ்டூலைத் தட்டிப் போட்டு, "உக்காரு, கலர் குடிக்கிறியா?" என்றார், நேற்றுத்தான் பார்த்தது மாதிரி. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்துக்கு மட்டும் நல்லவர்.

அவள் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

"அட! நாப்பத்தேழு இன்னும் எம்பேர்லயா கீது?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லியே, மறக்கல பாரு நம்பளை."

சுகன்யா எப்படி இருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். பத்தாவது எழுதியிருக்கிறாள் என்று இவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவதாகச் சொல்லி, ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அவள் பையில் திணித்தார். ஆரணியில் இறங்கும்போது அதைப் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நீலத் துணி கட்டி போட்டோகிராபர் ஸ்டூல் போட்டிருந்தார். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டியவள் என்பதால் நாலு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சௌம்யா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ரேணுகாம்பாள் படிவக் கட்டோடு உட்கார்ந்தாள். நம்பரைக் கூப்பிட வேண்டும், ஆளைப் பார்க்க வேண்டும், கட்டத்தில் குறி போட்டுக் கீழே 'நேரில் சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் படம்.

தங்கவேலு சொன்னபடியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பழைய கூட்டாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "எங்கய்யா போயிட்ட இவ்ளோ நாளு?" என்று ஒருவர் தெரியாத மாதிரி கேட்க, "வியாவாரம் பாத்துகினு இருந்தேன்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ரேணுகாம்பாளும் கொஞ்சம் சிரித்தாள். ஒரு நாள்தானே. சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்.

நாற்பது நம்பர் தாண்டியபோது டீ வந்தது. அவர் டம்ளரோடு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ரேணு, அந்தக் கார்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

"எதுக்கு?"

"அங்க என் மச்சினன் ஒருத்தன் தறி போடணும்னு சொல்லிகினு கீறான். நூலு கெடைக்கல. இந்த நம்பர்ல எடுத்துக்கலாம்னு பாக்கறேன். உனுக்கும் அப்பப்போ குடுக்கறேன், பேஜாராவாத."

ரேணுகாம்பாள் வீட்டில் ஒரே பெண். அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. மச்சினன் என்ற அந்த ஒரு வார்த்தை அவள் காதுக்குள் போய்த் தங்கிவிட்டது. தன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து மாணிக்கவேலைத் தேடிப் போய், தங்கவேலு சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்மா. ஜல்தியா படத்தை முடி."

"அட்டை யாருகிட்ட இருக்குதோ அவங்களுக்குத்தான நூலு?"

"ரூல் அதான். ஆனா நான் சொல்றேன் அவருகிட்ட."

"கேக்கலன்னா?"

மாணிக்கவேல் கையை விரித்தார். அவர் கண் வரிசையின்மேலேயே இருந்தது. பாவுக் கூடம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வந்துவிட்ட மனிதருக்கு ஒரு தறியின் நூல் பெரிதாகத் தெரியவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு தறியில்தான் ரேணுகாம்பாள் சாப்பிடுகிறாள், மகளைப் படிக்க வைக்கிறாள். நூல் இல்லாவிட்டால் தறி வெறும் கட்டை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலு. ஒவ்வொருவரைப் பற்றியும் சௌம்யா ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவர் தொடர்கிறாரா?" ரேணுகாம்பாள் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தேழு."

தங்கவேலு தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். "இருபது வருஷ மெம்பர்மா! அவங்க அப்பா காலத்துலருந்து" என்று தலைவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"இவர் தொடர்கிறாரா?" என்றாள் சௌம்யா.

ரேணுகாம்பாளுக்குக் கோபம் வந்தது. புருஷன் போன அன்றைக்கு அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு வேலைதான் இருந்தது. கோபத்துக்கு நேரமே வாய்க்கவில்லை. இப்போது மொத்தமாக வந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"இல்ல மேடம். விலகிட்டாரு."

தங்கவேலு சிரித்தார். "இன்னாமே, வெளாடறியா? எதிர்ல நிக்கிறேன், விலகிட்டேன்ற?"

"எப்ப விலகினார்?" சௌம்யா அவளைத்தான் பார்த்துக் கேட்டாள்.

"தொண்ணூத்தஞ்சு ஆடி, பதினாறாம் தேதி. புடவை குடுத்துட்டு வரேன்னு போனாரு."

"அதுக்கப்புறம் தறியில யாரு?"

"நான்."

"சந்தா?"

"நான் கட்டறேன். நூலு நான் வாங்கறேன். கையெழுத்தும் நான்தான் போடறேன், அவரு பேர்ல. அது தப்புன்னா எழுதிக்கோங்க."

தங்கவேலு தலைவரைப் பார்த்தார், கூட்டாளிகளைப் பார்த்தார். சற்று முன் கட்டிப்பிடித்தவர்கள் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப நான் படம் எடுத்துக்கறதா வேணாமா?" என்று அவர் கேட்டது நிஜமாகவே தெரியாமல் கேட்டது மாதிரிதான் இருந்தது. பிறகு வெளியே போய்ச் செருப்பைத் தேடினார்.

மாணிக்கவேல் ஓடிவந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, அது குடும்பத் தகராறு, அதப் போயி..."

"சார், தொண்ணூத்தஞ்சுலயே போயிட்டார்னா, தொண்ணூத்தொம்பது லிஸ்ட்லயே அவர் வரக் கூடாது" என்று சௌம்யா கால்குலேட்டரை இழுத்தாள். "மொத்தம் நூத்தொம்பது. இருக்கறவங்க எண்பத்தேழு. எழுபத்தொம்பது புள்ளி எட்டு."

"அதான் எண்பதும்மா! கடைக்காரன்கூட அதுக்கு எண்பதுன்னுதான் சொல்லுவான்."

"சார், கால் ஆள் குறையுது. நான் உள்ளதை எழுதி அனுப்பறேன். அவங்க முடிவு பண்ணட்டும்."

அவள் உள்ளதைத்தான் எழுதி அனுப்பினாள். அவர்களும் முடிவு பண்ணினார்கள். அந்த வருஷம் பாவுக் கூடம் வேறொரு ஊர்ச் சங்கத்துக்குப் போயிற்று. ஆரணியில் அந்த ஐப்பசியிலும் பாவு தெருவில்தான் நீண்டது, நனைந்தது. ஆனால் அன்றைக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமையே, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. பேச்சு எழுந்தது. ஒரு பொம்பளை வீம்புக்கு ஊரே நனையணுமா என்றார் ஒருவர். இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன கெட்டுவிடும் என்றார் இன்னொருவர். ரேணுகாம்பாளுக்கு அது நியாயம் என்றே பட்டது. அவர்களுடைய நனைந்த பாவும் அவளுடைய நனைந்த பாவும் ஒன்றுதான். இருந்தும் எழுந்து ஓடவில்லை. மீதி நம்பர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள், பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். முகம் கொடுக்காதவர்களையும் 'தொடர்கிறார்' என்றே எழுதினாள்.

எல்லாம் முடிந்ததும் அலமாரியிலிருந்து ஒரு புது விண்ணப்பத் தாளை எடுத்தாள். தன் பெயரை எழுதினாள். ஐந்து வருஷத்துக்குக் குறையாத உறுப்பினர் இருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். கேட்கிற நேரமா அது? பாவுக் கூடம் பறிபோய் ஒரு நாள்கூட ஆகவில்லை.

காசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பேனா குடு" என்றாள். தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி முடித்தாள். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்து, "எங்க ஊட்டுக்காரரு செத்தாரு, எனுக்கு நம்பர் குடுத்தீங்க. அவ புருஷனைச் சாவடிச்சிட்டு வரட்டுமா?" என்றாள்.

ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

இரண்டாவது கோடு காலியாக இருந்தது. மாணிக்கவேல் தாளை இழுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு வருஷ அலைச்சல் கண்ணெதிரே கரைந்த மனிதர்.

"உன்னைச் சேத்துகினா," என்றார், "நாளைக்கு நீயும் போய்ட மாட்டேன்னு எனுக்கு இன்னா உத்தரவாதம்?"

"கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்க தலைவரே. ஒம்பது வருஷத்துல அவரு பேரு இல்லாத கூட்டம் ஒண்ணு காட்டுங்க."

அவர் குறிப்பை எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். அத்தனை கூட்டத்திலும் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் இவள்தான். திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டார்.

சௌம்யா பையை மூடப் போனவள் மறுபடி உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தாள். உறுப்பினர் எண் நூற்றுப் பத்தொன்பது. பெயர் ரேணுகாம்பாள். சேர்ந்த தேதி, அன்றைய தேதி. அடுத்த கட்டத்தில், உறுப்பினராக இருந்த வருடங்கள் என்பதற்கு நேராக, ஒரு பூஜ்யம் போட்டாள்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கவேலுக்குச் சுருக்கென்றது. "அது எப்படிம்மா பூஜ்யம் போடுவ? ஒம்பது வருஷமா இங்கதான கீறா. எங்க எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாரு, ஒம்பதுன்னு போடு."

"சார், ஃபாரத்துல..."

"ஃபாரத்தைத் தூக்கிக் கெடாசு. ஒரு நாளு லீவு போடாதவளுக்கு முட்டை போடுவியா நீ?"

ரேணுகாம்பாளுக்குக் காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டோகிராபரின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"உடுங்க தலைவரே" என்றாள். "பூஜ்யமே இருக்கட்டும். இன்னையிலருந்து எண்ணட்டும்."